ஜன்னலில் நிற்கக் கூடாத ஆள்

என் அன்பு மனைவிக்கு,

நானும் மகளும் நன்றாக இருக்கிறோம். ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டாய், அதனால் எழுதித் தொலைக்கிறேன்.

உன்னோடு வேலை பார்க்கிற நர்ஸுகள், "இவ்வளவு அழகான பழைய துறைமுக ஊரை விட்டுட்டு எப்படி வந்தே?" என்று கேட்கிறார்களாம். அவர்களை ஒரு பௌர்ணமியன்று நம் சந்துக்கு அனுப்பி வை. கடல் ஏறும்போது சாக்கடை எதிர்த்துக்கொண்டு வீட்டுக்குள் வரும். அந்தக் காலத்துக் கால்வாயாம், அதில் யாரும் கை வைக்கக் கூடாதாம். பம்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஓடுவது நான்தான். போன வாரம் ஒரு விடுதியின் நிலவறையில் பம்ப் அடைத்துக்கொண்டது. கழற்றினால் கொத்துக் கொத்தாகத் தலைமுடி, உறிஞ்சுகுழல்கள், அப்புறம் யாருடையதோ பல் செட். எத்தனை சோப்பு போட்டும் கை என் கையாக இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. அதே நேரம் மொட்டை மாடியில் ஒரு கூட்டம் சூரியன் மறைவதைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது. சூரியன் என்ன புதிதாகச் செய்துவிட்டது என்று கைதட்டுகிறார்களோ!

பழமையைக் காக்க வேண்டிய தெருவாம், நம் வீட்டு முன்சுவருக்கு நகராட்சி இந்த வருஷமும் மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனது. பின்சுவர் உப்புப் பூத்துக் கொட்டுகிறது. அது தெருவிலிருந்து தெரியாது, அதனால் அதற்குப் பழமை கிடையாது. முன்பக்கம் துணி காயப்போடவும் தடை. மகளின் பள்ளிச் சீருடை வீட்டுக்குள்ளேயே காய்ந்து, நனைந்த நாய் மாதிரி வாடை அடிக்கிறது. பக்கத்தில் உட்காரும் பெண் இடம் மாறிவிட்டாளாம். மகள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொப்பிக்காரரைப் பற்றி உனக்கு எழுதியதில்லை. நீ போன பிறகு முளைத்த சுற்றுலா வழிகாட்டி. தினமும் காலையில் ஒரு கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வந்து நம் வீட்டுக்கு எதிரே நிறுத்துவார். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு நம் மாடி ஜன்னலைக் காட்டி, கப்பலில் போன புருஷனுக்காக ஒருத்தி அங்கேயே நின்று காத்திருந்து உயிரை விட்டாள் என்பார். வடிகட்டின பொய். என் அப்பா சின்னப் பையனாக இருந்த காலத்தில் அந்த அறையில் உப்பு மூட்டைதான் அடுக்கியிருந்தார்கள். வீட்டின் வயதும் அவர் வாயில் சீசனுக்கு ஐம்பது ஏறி, இப்போது நானூற்றில் வந்து நிற்கிறது.

அந்த நேரத்தில்தான் நான் பல் துலக்கிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்பது வழக்கம். ஒருநாள் அவர் மேலே ஏறி வந்து, குழைந்து, "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பனியனோட நின்னா கதை கெட்டுப்போகுது. கொஞ்ச நேரம் உள்ள தள்ளி நின்னுக்குங்க" என்றார். காற்றுக்காக நிற்கிறேன், வேறொன்றுமில்லை என்று சொல்லித் தள்ளி நின்றேன். அன்றிலிருந்து என் வீட்டிலேயே நான் தினமும் ஒளிந்துகொள்கிறேன். மானங்கெட்ட பிழைப்பு.

உன் அறையில் மாட்டியிருக்கும் காலண்டரில் நம் தெரு வந்திருக்கிறது, நம் ஜன்னல் காலியாக இருப்பதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். பைத்தியமே, அது காலி இல்லை. அந்தப் படத்தை எடுத்தவன் தொப்பிக்காரரின் கூட்டத்தோடு வந்தவன். அவன் படம் எடுத்தபோது ஜன்னலுக்கு இடப்பக்கம், சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, வாயில் நுரையோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் நான் தள்ளி நிற்கவில்லை. கண் பூத்துப்போகும்வரை காத்திருந்தாள் என்று அவர் குரலை நடுங்கவிட்ட நேரத்தில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்த்தால் நான். ஒரே சிரிப்பு. ஒரு அம்மாள் மட்டும் சிரிக்காமல் அவர் யார் என்று கேட்டாள். தொப்பிக்காரர் ஒலிபெருக்கியிலேயே, "அவரா? பம்ப் ரிப்பேர் பண்ண வந்த ஆளுங்க" என்றார். நான் பிறந்த வீட்டில்! இந்த ஜன்னலில் நிஜமாகக் காத்துக்கொண்டிருப்பது யார் தெரியுமா என்று கத்தப் போனேன். வாய் நிறைய நுரை. துப்பிவிட்டு உள்ளே வந்தேன்.

பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு நின்ற மகள், "காத்துக்காகத்தானே நிக்கிறீங்க, அப்புறம் ஏம்பா இவ்ளோ கோபம்?" என்றாள். நீ போனபோது என் இடுப்பளவு இருந்தவள் இப்போது காதுவரை வந்துவிட்டாள். வாய் அதற்கும் மேலே.

ஆஸ்பத்திரியில் உன் ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருஷம் நீட்டிக்கச் சொல்கிறார்கள், கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். போன தடவை கேட்டபோது, உன் இஷ்டம் என்று பெரிய மனுஷன் மாதிரி எழுதினேன். இந்தத் தடவை என் இஷ்டத்தைச் சொல்கிறேன். போடாதே. இந்த நாற்றத்துக்கா கூப்பிடுகிறீர்கள் என்பாய். ஆமாம், இந்த நாற்றத்துக்குத்தான்.

வருகிற நாளை எழுது. காலையில், தொப்பிக்காரர் கூட்டத்தை நிறுத்தியிருக்கும் நேரமாகப் பார்த்து வந்து சேர். யாரிடமும் நின்று பேசாதே. நேராக மாடிக்கு ஏறி வந்து என் பக்கத்தில் நில். நான் பனியனோடுதான் நிற்பேன். அவருடைய கதை நாசமாய்ப் போகட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். கடவுள் உன்னை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
பம்ப் ரிப்பேர் பண்ண வந்த ஆள்