ஒன்பதாம் வகுப்பில் நீ சொன்ன ஜெர்மனி

இன்று காலை ஆசிரியர் அறையின் இரும்பு பீரோவைத் திறந்தபோது அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. கீழ்த்தட்டில் உன் குளிர்கோட்டு, நீ மடித்து வைத்தபடியே இருந்தது. ஆகஸ்ட் வெயிலில், மின்விசிறி ஓடாத வகுப்பில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக அதைப் போட்டுப் பார்த்து வியர்த்து நின்ற நாள் அப்படியே கண்முன் வந்தது.

"குளிரு குளிருன்னு பயமுறுத்துவாங்க. இத மாட்டிக்கினா போதும், ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிக்கொண்டே நீ அவர்களுக்கு ஜிப்பை இழுத்துவிட்டாய்.

உன்னைக் கூப்பிட்டது நான்தான். ஆறாம் வகுப்பிலிருந்து நாம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த உத்திரமேரூர்ப் பள்ளியிலேயே நான் கணக்கு டீச்சராக வந்து சேர்ந்தேன். பெருநகர் கிராமத்துக் காலனியில் பிறந்த நீ, நடவுக்குப் போகும் அம்மாவை விட்டுவிட்டு, உதவித்தொகை வாங்கி, தண்ணீரைப் பற்றி மேல்படிப்பு படிக்க ஜெர்மனி போனாய். முதல் வருடம் முடிந்து விடுமுறைக்கு வந்திருந்தாய். வெளிநாடு என்றால் என் பிள்ளைகளுக்கு சினிமாவில் பாட்டு எடுக்கிற இடம். அங்கே போய்ப் படிக்கலாம் என்ற நினைப்பே அவர்களுக்குக் கிடையாது. உன்னைப் பார்த்தால் ஒரு பிள்ளைக்காவது அது தோன்றும் என்று நம்பினேன்.

உன்னை அறிமுகப்படுத்த ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். எப்போதும் முதல் மதிப்பெண், தோல்வியே அறியாதவள் என்றெல்லாம் வாசித்தேன். நீ சாக்பீஸை விரல்களில் உருட்டிக்கொண்டு கேட்டாய். நான் முடித்ததும், "உங்க டீச்சர் சொன்னதுல பாதிதான் நெஜம்" என்றாய். பிள்ளைகள் சிரித்தார்கள். "மொத பரிட்சையில நான் ரெண்டு பேப்பர்ல ஃபெயில்."

சிரிப்பு நின்றுவிட்டது. நீ நிறுத்தவில்லை. பாடம் நடத்துகிறவரின் இங்கிலீஷ் ஒரு மாதம் வரை விளங்காததையும், திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்க வெட்கப்பட்டதையும், குளியலறையில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்து அம்மாவிடம் போனில் எல்லாம் நல்லா கீதுன்னு சொன்னதையும் சொன்னாய். கடைசியில் அவர் அறைக்கே போய்ப் புரியவில்லை என்று சொன்னாயாம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாராம். அந்த இரண்டு பாடங்களையும் மறுபடி எழுதித் தேறினாய்.

பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பினாய். பன்னிரண்டாவது முடித்ததும் எதைப் படித்தால் எந்தக் கதவு திறக்கும், உதவித்தொகையை எங்கே தேடுவது, பாஸ்போர்ட் எடுக்க என்னென்ன வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதினாய். பிள்ளைகள் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் ஏரிக்கரைக் குடிசைகளிலிருந்து வரும் அம்சா எழுந்தாள். என் வகுப்பில் அவள் தானாக வாய் திறந்து நான் பார்த்ததில்லை. "அக்கா, அங்கியும் ஊரா காலனியான்னு கேப்பாங்களா?"

நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். நீ கையைக் காட்டி என்னை நிறுத்தினாய்.

"அந்த ஊர்க்காரங்க யாரும் கேக்கல. நிறத்தப் பாத்து மொகத்த திருப்பிக்கினவங்க ஒண்ணு ரெண்டு பேரு உண்டு. ஆனா இங்கேர்ந்து படிக்க வந்த ஒரு பையன் கேட்டான். சமையல் பண்ணிக்கினு இருக்கறப்போ. நான் காலனின்னுதான் சொன்னேன். அதுக்கப்புறம் அவன் எங்கூட சாப்பிட வரல. மத்த பேரு வந்தாங்க. நான் நல்லாத்தான் சாப்பிட்டேன்."

அம்சா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இத்தனை வருடப் பழக்கத்தில் நீ ஊர்த்தெருவில் இருக்கும் எங்கள் வீட்டில் கூடத்தைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. உன்னை யாரும் தடுத்ததில்லை, வா என்று நான் கூப்பிட்டதும் இல்லை. அது அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது.

அந்த வெட்கத்தை நான் கோபமாக மாற்றிக்கொண்டேன். பேருந்து நிலையத்தில் உன்னிடம் சண்டை பிடித்தேன். "ஆசை காட்டத்தான உன்ன கூப்பிட்டேன்? இப்புடி பயமுறுத்திட்டியேடி."

நீ கரும்பு ஜூஸ் டம்ளரைக் கீழே வைத்தாய். "நான் ஃபெயிலானத சொல்லாம வுட்டேன்னு வெச்சிக்கோ. நாளைக்கு இதுங்க போயி ஃபெயிலாவுறப்போ, தான் ஒருத்திதான் மக்குன்னு நெனச்சிக்கும். மூட்டைய கட்டிக்கினு திரும்பி வந்துடும். தெரிஞ்சி போவட்டும்டி."

அதன் பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்தாய். படிப்பு முடிந்து ஊர் திரும்பி, செங்கல்பட்டில் நீர் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் உன் சனிக்கிழமைகள் இந்தப் பிள்ளைகளுக்கே போயின. தெரியாததைக் கேட்டால், "தெரியாது, கேட்டுச் சொல்றேன்" என்பாய். அடுத்த வாரம் மறக்காமல் வந்து சொல்வாய். பதினைந்து வயதுப் பிள்ளைகளைப் பெரியவர்களாக நினைத்துப் பேசிய வேறு ஆளை நான் பார்த்ததில்லை.

போன ஐப்பசி மழையோடு வந்த காய்ச்சல் ஐந்தே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அம்சா இப்போது கல்லூரியில் கடைசி வருடம். சென்ற வாரம் விண்ணப்பத்தோடு பள்ளிக்கு வந்தாள். நீ படித்த அதே ஊருக்குத்தான். சாப்பாட்டு நேரம் முழுக்க இரண்டு பேருமாக உட்கார்ந்து நிரப்பினோம். கிடைக்குமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். சரி டீச்சர், போட்டுப் பாக்கறேன் என்றாள். அவள் முகத்தில் பயம் இருந்தது. ஆனாலும் அன்றைக்கே அனுப்பினாள்.

இன்று ஒன்பதாம் வகுப்பில் உன் ஜெர்மனிப் பாடத்தை நானே எடுத்தேன். உன் அளவுக்கு எனக்கு வராது. பாதியில் ஒருத்தி கேட்டாள்: "நீங்க ஏன் டீச்சர் போவல?"

உனக்கு நினைவிருக்கும். கல்லூரி முடிந்த வருடம் நாம் இருவரும் சேர்ந்துதான் ஆளுக்கொரு விண்ணப்பம் அச்செடுத்தோம். நீ அனுப்பினாய். வீட்டில் விடவில்லை என்று நான் சொன்னேன். நீயும் நம்பி, என் அப்பாவிடம் வந்து பேசட்டுமா என்று கூடக் கேட்டாய்.

வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் அவர்களிடம் கேட்கவே இல்லை. என் விண்ணப்பத்தை இரண்டு வாரம் பையில் வைத்திருந்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். போய்த் தோற்றுத் திரும்பினால் ஊர் என்ன சொல்லும் என்ற பயம். இத்தனை வருடமும் பழியை அப்பா மேல் போட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று அந்தப் பிள்ளைகளிடம் அதைச் சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.