பானையில் ஊற்றிய மழை

ஐப்பசி 9, வியாழன்.

பெரிய பேரன் திருச்சியில் பேங்கில் வேலை பார்க்கிறான். சின்னவன் ஐ.டி.ஐ. முடித்து அரியலூரிலேயே சிமெண்டு ஆலையில் சேர்ந்துவிட்டான். பேத்தி மல்லிகா மெட்ராசில் மழையையே ஆராய்ச்சி செய்கிறாள். அஞ்சாவது படித்த என்னை நம்பி அவள் கொடுத்த வேலையை நான் கெடுத்துவிட்டேன்.

"அப்பத்தா, ஐப்பசி முதல் மழை எனக்கு வேணும். விட்டதும் பாட்டில் நெறைய ஊத்தி இறுக்கி மூடிடு. மழைத் தண்ணியில லேசானதும் கனமானதும் கலந்திருக்கும். ஆவியாச்சுன்னா லேசானது முதல்ல போயிடும், கனமானது தங்கிடும். அப்புறம் அது பெய்ஞ்ச மழையே இல்ல" என்று சொல்லித்தான் போனாள்.

நேற்று மழை பெய்தது, பிடித்தேன். அவள் கொடுத்துப் போன பாட்டிலில் மருந்து வாடை அடித்தது. மெட்ராசுக்குப் போகிற தண்ணீர் நாறக் கூடாதென்று புது மண்பானையில் ஊற்றித் தட்டால் மூடினேன். காலையில் பார்த்தால் பானை வேர்த்து நிற்கிறது. தண்ணீர் இரண்டு விரல் இறங்கிவிட்டது.

மருமகள் சிரிக்கிறாள். "மிச்சத்த ஊத்தி அனுப்புங்கத்தே. தண்ணியில பேரா எழுதியிருக்கு? யாருக்குத் தெரியப் போவுது?"

யாருக்கும் தெரியாமல் போனால்தான் பயம். அதை நம்பி அவள் தப்பாக எழுதிவிடுவாள்.

முருங்கைக்கு ஊற்றிவிட்டேன். நடந்ததைக் கார்டில் எழுதியாயிற்று. திட்டட்டும். சுவரில் பேரன்கள் படமெல்லாம் புதுசு, அவள் படம் மட்டும் எட்டாவது படிக்கையில் எடுத்தது. "கோபம் ஆறியதும் புதுப் போட்டோ ஒன்று தபாலில் அனுப்பு, கண்ணு" என்று கார்டின் ஓரத்தில் சேர்க்க வேண்டும்.