இழுத்து ஒட்டிய ரப்பர்

12 ஜூன் 2024, புதன்

மதுரை டாக்டர் சொல்லி ஒரு மாதம் ஆகப்போகிறது. பார்க்கின்சன் என்ற சொல்லை இந்த வீட்டில் இன்னும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டில் இருப்பதே இரண்டு பேர், நானும் என் வீட்டுக்காரர் இமானுவேலும். மகள் ரீனா கோயம்புத்தூர் ஹாஸ்டலில். அவளிடம்கூடச் சொல்லக் கூடாது என்று இவர் உத்தரவு. இவருக்குத் தோள்பட்டை வலி. சர்ச், பள்ளிக்கூடம், அக்கம்பக்கம், எல்லாருக்கும் அதுதான் பதில். யார் கேட்டாலும் நானும் என் தோளைத் தொட்டுக் காட்டுகிறேன். பொய்யில் இவ்வளவு சுலபமாகத் தேறுவேன் என்று எனக்கே தெரியாது.

இவர் அமராவதிபுதூரில் இருபத்தாறு வருஷமாகக் கணக்கு வாத்தியார். கரும்பலகையில் எழுத்து நாளுக்கு நாள் சின்னதாகிறதாம். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் 'சார், தெரியல' என்கிறார்களாம். இதை இவரே சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

17 ஜூன், திங்கள். பக்ரீத்

அபுதாஹிர் அண்ணன் பிரியாணியோடு வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் பெயின்ட் கடை வைத்திருக்கிறவர். பதினெட்டு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் சர்ச் ஹாலில் இவரோடு டேபிள் டென்னிஸ் ஆடுகிறவர். இவர் என்ன செய்தார் தெரியுமா? தூங்குவதாகச் சொல்லச் சொல்லிவிட்டு உள் அறையில் உட்கார்ந்துகொண்டார். பகல் பன்னிரண்டு மணிக்கு!

அண்ணன் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று கேட்டார்: "ஏந் தங்கச்சி, வாத்தியார் எம்மேல எதுவும் கோவமா இருக்காகளா?"

"அய்யோ, இல்லண்ணே. தோள்பட்டதான்."

"தோள்பட்டன்னா ஆட வேணாம். வந்து சும்மா உக்காந்துட்டுப் போகலாமுல்ல? ஒன்றர மாசமாச்சு."

தூக்குவாளியை வாங்கிக்கொண்டேன். உள்ளே போனால் இவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு. எனக்கு வந்த கோபத்துக்கு... பிறகு பிரியாணியைச் சூடாக்கி இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

19 ஜூன், புதன்

பிசியோதெரபி ஜெரினா இவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "விளையாட்ட மட்டும் விட்டுறாதீக சார். மாத்திர பாதி, அது பாதி."

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து சொன்னார். மே மாதமே ஒரு நாள் யாருமில்லாத நேரத்தில் ஹாலுக்குப் போய்த் தனியாக ஆடிப் பார்த்தாராம். "என் பேட் கார்பன் பேட். தொட்டாலே பறக்கும். கை நடுக்கம் அப்படியே பந்துல போகுது. மேசையில ஒண்ணுகூட விழல மேரி."

"அப்ப மெதுவான பேட் கிடையாதா?"

முதுகுக்குப் பின்னால் இருக்கிறவரின் முகம் தெரியாதது நல்லதுதான்.

23 ஜூன், ஞாயிறு

பூசை முடிந்து வந்ததிலிருந்து செல்போனும் கையுமாக இருக்கிறேன். கற்றுக்கொண்டது: பேட் என்று கடையில் மாட்டியிருப்பது வேறு, ஆடுகிறவர்கள் வைத்திருப்பது வேறு. மரத்தைத் தனியாக வாங்க வேண்டும். அதற்குப் பிளேடு என்று பெயர். வெட்டுகிற பிளேடு இல்லை, வெறும் மரம். இரண்டு பக்கத்துக்கும் ரப்பர் தனித்தனி, ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. ரப்பருக்கு அடியில் ஸ்பாஞ்ச். அது கனமாக இருந்தால் வேகம், மெல்லியதாக இருந்தால் பந்து சொன்னபடி கேட்கும். மேல்துணி, கேன்வாஸ், லைனிங் என்று யோசித்தால் எனக்குப் புரிகிற விஷயம்தான். பத்தொன்பது வருஷமாகத் தையல் டீச்சர், சும்மாவா?

மதுரையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போன் போட்டேன். பாண்டிமுருகன் என்று ஒரு பையன் பேசினான். ஐந்து அடுக்கு மரம், கார்பன் வேண்டாம், எடை குறைவாக, விரல் நழுவாமல் இருக்கப் பிடி அடியில் விரிந்து இருக்க வேண்டும், ஸ்பாஞ்ச் ஒன்றரை மில்லிக்கு மேல் கூடாது என்றேன். "யாருக்குக்கா?" என்றான். எனக்குத்தான் என்றேன். "டிபென்ஸ் ஆட்டமாக்கா?" என்றான். ஆமாம் தம்பி, டிபென்ஸ்தான், தடுக்கிற ஆட்டம். வேறென்ன ஆடிக்கொண்டிருக்கிறோம் இந்த வீட்டில்!

இவருடைய பழைய பேட்டின் ஒரு பக்க ரப்பர் விலைக்குள் இந்தப் புது பேட் முழுதும் அடங்கிவிட்டது.

6 ஜூலை, சனி

பார்சல் வந்தது. இவர் பள்ளிக்கூடத்தில் மீட்டிங். திரும்பி வருவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று உட்கார்ந்தேன். மரத்தில் பசை, ரப்பரின் முதுகில் பசை. வெள்ளையாக இருக்கிற பசை காய்ந்து கண்ணாடியாகும்வரை பொறுக்க வேண்டும். பொறுத்தேன். பிடி ஓரத்தில் ஆரம்பித்து, சுருக்கம் விழாமல் நன்றாக இழுத்துப் பிடித்து ஒட்டினேன். மேலே பூரிக்கட்டையை உருட்டினேன். துணியைத் தவிர வேறெதையும் தொடாத என் கத்தரியால் மரத்தின் வளைவை ஒட்டியே வெட்டினேன். பிசிறு இல்லை. இரண்டு பக்கமும் அப்படி ஒரு சுத்தம்.

இவர் வந்ததும் கையில் கொடுத்தேன். பிடியில் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்.

7 ஜூலை, ஞாயிறு

ரப்பர் சுருங்கிவிட்டது. சிவப்புப் பக்கம் ஓரமெல்லாம் ஒரு நெல் அகலத்துக்கு மரம் தெரிகிறது. கறுப்புப் பக்கம் நுனியில் கிளம்பி நிற்கிறது.

"இழுத்து ஒட்டினியா?"

"சுருக்கம் விழுந்துரக் கூடாதுன்னு..."

"துணி இல்ல மேரி. ரப்பர். இழுத்தா அது திரும்பப் பழைய இடத்துக்குத்தான் போகும்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவ்வளவு மெதுவாகச் சொன்னார். போச்சு. ஒரே ஒரு காரியம் இவருக்காக உருப்படியாகச் செய்ய நினைத்தேன், அதுவும் போச்சு. எல்லாம் தெரியும்னு திமிரு, வேறென்ன?

9 ஜூலை, செவ்வாய்

வேறு ரப்பர் வாங்குகிறேன் என்றேன். வேண்டாம், இதுவே போதும் என்கிறார். ஏன்?

13 ஜூலை, சனி

ஹாலுக்குப் போய்விட்டார்! மத்தியான மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழித்து, கை கொஞ்சம் அடங்கியதும், அந்தப் பேட்டையே எடுத்துக்கொண்டு. திரும்பி வந்தபோது சட்டை முழுக்க வியர்வை.

"எப்படிப் போச்சு?"

"எல்லாத்துலயும் தோத்தேன்." தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "பேட் சரியில்லன்னு சொல்லிட்டேன். மேரி இழுத்து ஒட்டிட்டான்னு. எல்லாரும் சிரிச்சாக."

இப்போது புரிகிறது ஏன் வேறு ரப்பர் வேண்டாம் என்றார் என்று.

20 ஜூலை, சனி

காலையில் கறிக்கடையில் அபுதாஹிர் அண்ணன். "என்ன தங்கச்சி, ரப்பரப் பாவாடத் துணின்னு நெனச்சிட்டியளா?" பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

"எந் தப்புதாண்ணே" என்றேன்.

28 ஜூலை, ஞாயிறு

உள்ளதை இங்கேயாவது எழுத வேண்டும். மூன்று சனிக்கிழமையாகப் போகிறார். நடையில் கொஞ்சம் தெம்பு தெரிகிறது. நேற்று இரண்டாவது முறை குழம்பு கேட்டார். பாயிண்ட் போனால் பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாராம், உடனே யாராவது என்னைக் கேலி செய்வார்களாம், ஆட்டம் அடுத்ததுக்குப் போய்விடுமாம். ஆடாத நேரமெல்லாம் வலது கை பேன்ட் பைக்குள். ஆக, என் தப்புக்குள்ளேதான் ஒளிந்துகொண்டிருக்கிறார்.

ஒளியட்டும். ஊர் என்னைக் கைவாகு இல்லாதவள் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் வலிக்கிறது. அதுவும் உண்மை. என் பிழைப்பே இந்தக் கை.

10 ஆகஸ்ட், சனி

ஹாலிலிருந்து பேயறைந்த மாதிரி வந்தார். அபுதாஹிர் அண்ணனின் மகன் அன்வர் சாதிக் துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறான். வாத்தியாருக்காக நல்ல ரப்பர் இரண்டு வாங்கி வரச் சொல்லியிருந்தாராம் அண்ணன். வியாழக்கிழமை லீவுதானே, ஹாலிலேயே வைத்துத் தன் கையால் ஒட்டித் தருகிறாராம்.

"நல்ல ரப்பர் போட்ட பெறகு நான் என்ன சொல்றது?"

மனதில் பட்டதைச் சொன்னேன்: "வீட்டுக்குக் கொண்டாந்துருங்க. நான் ஒட்டுறேன்னு அடம்பிடிச்சேன்னு சொல்லுங்க. இதையும் கெடுத்துத் தாறேன்."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. செய்திருப்பேன். என் முகத்தைப் பார்த்தார். எழுந்து போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டினார். பட்டன் கழற்ற நெடுநேரம் ஆனது. நான் உதவிக்குப் போகவில்லை.

14 ஆகஸ்ட், புதன்

நாளைக்கு நானும் வரட்டுமா என்றேன். வா என்றார்.

15 ஆகஸ்ட், வியாழன். மாதா விண்ணேற்புப் பெருநாள்

பூசை முடிந்து, கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, பத்தரை மணிக்கு ஹாலுக்குப் போனோம். அபுதாஹிர் அண்ணனும் இன்னும் நான்கு பேரும் இருந்தார்கள். அண்ணன் பசை, கத்தரி, புது ரப்பர் எல்லாவற்றையும் பேப்பர் விரித்துப் பரப்பியிருந்தார். கல்யாண வீட்டுக்காரர் மாதிரி முகம்.

"கொடுங்க வாத்தியாரே. தங்கச்சி, பக்கத்துல நின்னு பாத்துக்கங்க, எப்படி ஒட்டுறதுன்னு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பேட்டை வாங்கிச் சிவப்பு ரப்பரின் ஓரத்தில் நகத்தை வைத்தார்.

"பாய், பிரிக்காதீக."

"ரெண்டு நிமிச வேலதான்."

"பிரிக்காதீக. பேட்ல ஒரு குத்தமும் இல்ல. மேரி நல்லாத்தான் ஒட்டியிருக்கா."

அது பொய். ஓரத்தில் மரம் தெரிவதை அங்கே பார்க்காதவர் யாருமில்லை.

பிறகு பைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தார். பச்சை மேசையின்மேல் அது தன் பாட்டுக்கு ஆடியது. இவர் அதை நிறுத்தப் பார்க்கவில்லை. "கைதான் பாய். பார்க்கின்சன். மூணு மாசமாச்சு."

அண்ணன் என்னைப் பார்த்தார். "அப்ப... தோள்பட்டன்னீக?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் இல்லை. வெட்கமாக இல்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

அண்ணன் பேட்டை இவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். புது ரப்பரை உறைக்குள் வைத்தார், பசையை மூடினார், பேப்பரை மடித்தார். எல்லாம் முடித்து மேசையின் மறுபக்கம் போய் நின்றார்.

"சர்வீஸ் யாருது?"

"என்னுது" என்றார் இவர்.

பதினொன்றுக்கு நான்கு. தோற்றது இவர்தான். அபுதாஹிர் அண்ணன் ஒரு பாயிண்டைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை.