ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு குழாய்

இன்று காலை உப்புப் போட்ட உலை பொங்கி வழிந்தது. காஸ் அடுப்பின் நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாக எரிந்தது. அணைக்கக் கை போகவில்லை. பக்கத்தில் நீ நிற்பதுபோல் இருந்தது.

சிவாஜிநகர் ஆஸ்பத்திரி லேபில் நாம் ஒன்றாக வேலை பார்த்த காலத்தில் ரத்தத்தின் உப்புகளை நெருப்பை வைத்துத்தான் அளந்தோம். ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாயைச் சுழற்றினால் அணுக்கள் அடியில் தங்கி, பிளாஸ்மா என்ற மஞ்சள் நீர் மேலே நிற்கும். அதைத் தண்ணீரில் கலந்து மெஷினுக்குக் கொடுத்தால் சுடர் நிறம் மாறும். சோடியம் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு என்று முள் காட்டும். நீ முள்ளை நம்பியதே இல்லை.

"மொதல்ல ஜன்னல்ல புடிச்சுப் பாரு. அப்புறம் மெஷின்ல ஊத்து."

சிவப்பணுக்களுக்குள் பொட்டாசியம் ஏராளம். அவசரமாக ரத்தம் இழுத்தால் அணுக்கள் உடைந்து அது வெளியே கசியும். பிளாஸ்மா இளஞ்சிவப்பாகும், அளவு பொய்யாக ஏறும். அப்படி வந்ததைக் கொட்டிவிட்டு, வார்டுக்கே போய் நர்ஸுகளோடு கன்னடத்தில் சண்டை பிடிப்பாய். எனக்குச் சிரிப்பு தாங்காது.

பிறகு உன் கால்கள் வீங்கின. சிறுநீரகக் கோளாறாக இருக்கும், டாக்டரிடம் போ என்றால் "பாக்கலாம்பா" என்று நழுவினாய். ஒருநாள் மாடியேறி வந்து மூச்சு வாங்க நாற்காலியில் உட்கார்ந்து, கையை நீட்டினாய்.

"நீயே எடு. உனக்குக் கை நடுங்குது பாரு, பிங்க்காத்தான் வரப் போவுது."

எடுத்து, சுழற்றி, நேரே மெஷினில் ஊற்றினேன். பொட்டாசியம் முள் எங்கோ உச்சியில் போய் நின்றது. அந்த அளவில் இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

"ஜன்னல்ல பாத்தியாடி?"

பயத்தில் மறந்திருந்தேன். குழாயில் மிச்சமிருந்ததை வெளிச்சத்தில் பிடித்தேன். அவ்வளவு ஆசையோடு நான் எதையும் பார்த்ததில்லை. துளி சிவப்பு இருந்தால் போதும், இன்னொரு முறை எடுக்கலாம். நல்லெண்ணெய் போலத் தெளிந்த மஞ்சள்.

நான் திரும்பவில்லை. என் முதுகைப் பார்த்தே உனக்குப் புரிந்துவிட்டது.

"நல்லாத்தான் எடுத்திருக்கே" என்றாய்.

டயாலிசிஸ் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போகும்போதே, என் தோளில் சாய்ந்தபடி போய்விட்டாய்.

இப்போது வேறு மெஷின், சுடர் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு குழாயையும் ஜன்னலில் பிடிக்கிறேன். சிவப்பாக இருந்தால் கூட இருப்பவர்கள் அலுத்துக்கொள்வார்கள், எனக்கு நிம்மதி. தெளிவாக இருந்தால்தான் திரும்பிப் பார்க்கப் பயம். பின்னால் அந்த நாற்காலியில் நீ காத்திருக்கிறாய்.