இறங்கும் வண்டியெல்லாம் இந்த வழிதான்

அரவேணு,
மே மாதத்தில், பெய்யலாமா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள கெஸியாவுக்கு,

அரவேணு பேக்கரியின் அதிபதியும், வர்க்கி பிஸ்கட் வகையறாக்களுக்கெல்லாம் வேந்தரும், மேட்டுப்பாளையத்துக்கு அப்பால் உள்ள நிலம் முழுவதையும் அந்நிய தேசமாகக் கருதுபவருமான உன் சித்தப்பா எட்மண்ட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தி ஈவ்லினும் கர்த்தர் புண்ணியத்தில் சுகம். அடுப்பு சுகம். கடைவாசலில் படுத்திருக்கும் நாய் எங்கள் எல்லோரையும்விட சுகம். நீ சென்னையில் சுகமாக இருப்பது உன் அப்பா சொல்லித்தான் தெரிகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் விழுவதில்லை. அதனால்தான் தபாலில் வருகிறேன். இதில் நீலக் கோடு கிடையாது. நீ படித்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியப்போவதில்லை. உனக்கும் சௌகரியம்.

முக்கியச் செய்தி. உன் சித்தப்பா உலகப் பயணம் கிளம்புகிறார். பாங்காக்கில் இறங்குவது, அங்கிருந்து லாவோஸ் போய் ஆற்றுப் படகு ஏறுவது, வியட்நாமை மேலிருந்து கீழாக அளப்பது, கம்போடியா வழியாகத் திரும்புவது. இது யார் போட்ட வழி என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நீயும் டெனினும் போன வருஷம் மணிக்கணக்காகப் போனில் சண்டை பிடித்துப் போட்டதுதான். என் மகன் அதை மாவு மூட்டைக்கு மேலே, கடைச் சுவரில் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து வைத்தான். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்க வந்த ஆளிடம் அந்தச் சுவரை மட்டும் தொடாதே என்று சொல்லிவிட்டேன்.

வழி கைவசம் இருக்கிறது, நாள் கணக்குத்தான் உதைக்கிறது. கோத்தகிரியில் ஒரு உலகப் படம் வாங்கிவந்து, சித்தியின் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து அளந்தேன். நம் மலையில் படத்தில் ஒரு விரற்கடை என்றால் ரோட்டில் மூன்று விரற்கடை அல்லவா? அந்த நியாயப்படி எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கினேன். மூடுபனிக்கு அரை நாள், யானை குறுக்கே நின்றால் ஒரு நாள், மண் சரிந்தால் இரண்டு நாள் என்று தேசத்துக்குத் தேசம் தாராளமாகச் சேர்த்தேன். கூட்டிப் பார்த்தால் ஹனோய் போய்ச் சேரும்போது உனக்குப் பேரன் பேத்தி பிறந்து அவர்களுக்கும் பல் விழுந்திருக்கும். டாக்ஸி ஓட்டும் கணேசன் பார்த்துவிட்டு, “ஏனுங்க, அங்கெல்லாம் ரோடு நேராத்தானுங்க போகும்” என்றான். நேரான ரோட்டில் மனிதன் எப்படித் தூங்காமல் போவது, தலை சுற்றாதா? லாவோஸில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றும் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசி பஸ் தெரியாமல் எந்த ஊருக்கும் போகாதவன் நான். இதையெல்லாம் திருத்த விவரம் தெரிந்த ஆள் வேண்டும்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் உன் சித்தியிடம், “இவரு தனியா வெளிநாடு போறாருங்களா?” என்று கேட்டாராம். “தனியா கோத்தகிரி சந்தைக்கே போகமாட்டாருங்க, நீங்க எழுதிக்குங்க” என்றாளாம். எழுதிக்கொண்டாரா என்று தெரியவில்லை. போட்டோவில் கைதி மாதிரி இருக்கிறேன். தேடப்படும் கைதி இல்லை, தானே வந்து சரணடைந்த கைதி.

அந்த பாஸ்போர்ட்டுக்காகக் கோயம்புத்தூர் போனேன். அரவேணுக்காரன் கோயம்புத்தூர் போக வாசலில் நின்று கை காட்டினால் போதும், பஸ் நேராகக் கீழே இறங்கும். நான் கணேசன் வண்டியில் கோத்தகிரிக்கு மேலே ஏறி, குன்னூர் சுற்றி, பாதி நீலகிரியை வலம் வந்து இறங்கினேன். திரும்பும்போதும் அப்படியே. கணேசன் காரணம் கேட்கவில்லை. மாவு மூட்டையும் டால்டா டின்னும் எடுக்க இப்போது அவன்தான் மேட்டுப்பாளையம் போகிறான். நேராக இறங்கும் அந்த ரோட்டில், குஞ்சப்பனைக்கு மேலே அந்த மரம் விழுந்த வளைவை, டெனினைக் கொண்டுவந்த நாளுக்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

இதை எழுதாமல் கடிதத்தை முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை, கண்ணு.

நீ என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று உன் அப்பா சொன்னார். விமானத்தில் கையோடு எடுத்துப்போகிற அளவில் ஒரு பை வாங்கிக்கொள், இந்த வாரமே வாங்கிவிடு என்று நீ சொன்னதால்தான் அவன் அந்த மழையில் மேட்டுப்பாளையம் போகப் பைக்கை எடுத்தான் என்று சொல்கிறாயாம். நீ பை வாங்கச் சொன்னாய், சரி. மழை விட்டதும் போடா என்று நான் சொன்னேன். டீ குடித்துவிட்டுப் போ என்று சித்தி சொன்னாள். எங்கள் இரண்டு பேர் பேச்சையும் கேட்காதவன் உன் பேச்சை மட்டும் கேட்டா போயிருப்பான்? அக்காவோடு நாலு தேசம் பார்க்கப்போகிறோம் என்ற சந்தோஷத்தில் போனான். அந்த மரம் உன்னிடம் கேட்டுக்கொண்டு விழவில்லை.

கிறிஸ்துமஸுக்கு ஜெகதளா வரை வந்தாய். உன் அப்பா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு, குன்னூர் வழியாகவே இறங்கிவிட்டாய். ஈஸ்டருக்கும் அப்படியே. நான் கோபப்படவில்லை. நானும் குன்னூர் வழிக்காரன்தானே. சித்திதான் இரண்டு தடவையும் ஒரு தட்டு பிளம் கேக்கைத் தனியாக எடுத்து வைத்தாள். அது எறும்புக்குப் போகும்வரை எடுக்கவே விடவில்லை.

அவன் வாங்கிக்கொண்டு திரும்பிய அந்தப் பை எங்களிடம்தான் இருக்கிறது. விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. சித்தி அதை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டு ஒருவரையும் தொடவிடமாட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து பார்க்கிறேன், பை கட்டில்மேல் திறந்து கிடக்கிறது. உள்ளே என் ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, இரண்டு பாக்கெட் வர்க்கி. பாங்காக்கில் வெயில் மண்டையைப் பிளக்கும், இது எதற்கு என்றேன். “குளுரலைன்னா கழட்டி வெச்சுக்குங்க. வர்க்கி அங்கெல்லாம் கெடைக்காது” என்றாள். கொஞ்ச நேரம் ஜிப்பை இழுப்பதும் திறப்பதுமாக இருந்தாள். பிறகு, “கெஸியா கூட வர்றாளாங்க?” என்று கேட்டாள்.

இத்தனை மாதத்தில் இந்த வீட்டில் உன் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு அவளே தொடர்ந்தாள்: “அவ இல்லாம நீங்க எங்கீங்க போவீங்க, வழியில தொலைஞ்சு போயிருவீங்க. வரச் சொல்லுங்க அவளை.” அவ்வளவுதான். மேலே எழுதிய நூல் கணக்கு, கடைசி பஸ் எல்லாம் உன்னை வரவழைக்க நான் கட்டிய ஜோடனை. சித்திக்கு ஜோடனையெல்லாம் தெரியாது. நேராகக் கேட்டுவிட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன். படத்தில் என் நூல் பாங்காக்கிலிருந்து ஹனோய் வரை அழகாக ஓடுகிறது. அரவேணுவிலிருந்து மேட்டுப்பாளையம் வரைதான் ஓடமாட்டேன் என்கிறது. நாலு தேசத்துக்கும் முன்னால் அந்த ஒரு வளைவு நிற்கிறது.

மாதக் கடைசியில் உன் அப்பா ஃபேக்டரியிலிருந்து ரிட்டயர் ஆகிறார். நீ வந்தே ஆகவேண்டும். வரும்போது குன்னூர் வழியாகவே வா. ஆனால் இப்போது சீசன். ஒருவழி போட்டுவிட்டார்கள். ஏறுகிற கார் குன்னூர் வழி, இறங்குகிற கார் கோத்தகிரி வழி. எந்த மகாராஜா ஊட்டிக்கு ஏறினாலும் இறங்கும்போது என் கடைவாசலைத் தாண்டித்தான் இறங்கவேண்டும். உன் சித்தப்பாவுக்காக அரசாங்கமே போட்ட சட்டம் என்று வைத்துக்கொள். கவர்மெண்ட் பஸ்ஸுக்கு மட்டும் இது கிடையாது என்கிறார்கள். தயவு செய்து பஸ்ஸில் ஏறிவிடாதே. நீ திரும்பும் நாளில் ஜெகதளாவுக்குக் கணேசனை அனுப்புகிறேன்.

கடைக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருப்பேன். ஒரு டீ குடி. சித்தி முகத்தைப் பார். பிறகு நானும் வண்டியில் ஏறிக்கொள்கிறேன். அந்த வளைவை நீயும் தனியாகத் தாண்டவேண்டாம், நானும் தனியாகத் தாண்டவேண்டாம். மேட்டுப்பாளையம் வரைக்கும் மட்டும். பாங்காக்கைப் பிறகு பார்க்கலாம். பையில் வர்க்கி இருக்கிறது, பசிக்காது.

நீ ஏறுகிற பாதையிலும் இறங்குகிற பாதையிலும் கர்த்தர் உன்னோடு இருப்பார், சந்தேகமே இல்லை. வண்டியை எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் அவர் உன்னிடம் விட்டிருக்கிறார், கண்ணு.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
எட்மண்ட்