சூட்டில் கழற்றிய போல்ட்டுகள்

மார்ச் 3, செவ்வாய்
வீட்டுக்காரர் தவறிப்போய் இன்றோடு இருபத்தாறு நாள். பட்டறையைத் திறந்தேன். பூட்டு இறுகிக் கிடந்தது. எண்ணெய் விட்டேன்.

மார்ச் 5, வியாழன்
எங்களிடம் கார் வேலை கொடுத்திருந்த தொப்பிக்காரர் வந்தார்; தொப்பி இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. அவருடைய பழைய காரில் பெரிய எஞ்சின் ஏற்றி, அதன் தலையில் காற்றை அமுக்கித் தள்ளுகிற சூப்பர்சார்ஜரை உட்காரவைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே காற்றைக் கொண்டுபோகிற மேனிஃபோல்டு கடையில் கிடைக்காது. என் வீட்டுக்காரர் அலுமினியத்தில் கையால் செய்தது, பற்றவைத்து முடித்து மேசையில் கிடக்கிறது. நாளைக்கு மாட்டிப் பார்க்கிறேன் என்றான் கொழுந்தன்.

மார்ச் 6, வெள்ளி
உட்காரவில்லை. இந்த மூலையை அமுக்கினால் அந்த மூலை எழும்புகிறது. இப்படியே ஓட்டினால் காற்றெல்லாம் வெளியே.

"அண்ணன் கணக்கு தப்பாதே, அண்ணி" என்று தலையைச் சொறிந்தான் கொழுந்தன்.

"உடம்பு முடியாதப்ப செஞ்சது, கை தடுமாறியிருக்கும். பாவம், விடுங்க" என்றார் தொப்பிக்காரர்.

பாவமாம்.

மார்ச் 7, சனி
எழுதிவிடுகிறேன். கனமான இரும்புப் பலகையில் போல்ட் போட்டு முடுக்கித்தான் அவர் அலுமினியத்தைப் பற்றவைப்பார். அப்படியே விடிகிறவரை ஆறவேண்டும். சூட்டில் கழற்றினால் கோணிக்கொள்ளும். "காலைல கழட்டிக்கறேன், தொடாதே" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். மேசையைத் துடைக்கலாமே என்று அந்த ராத்திரியே நான்தான் கழற்றினேன். பத்து போல்ட். காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

இப்போது பழி அவர் தலையில். சொன்னால் கொழுந்தன் முகத்தில் எப்படி முழிப்பேன்?

மார்ச் 8, ஞாயிறு
சொல்லவில்லை.

மார்ச் 9, திங்கள்
கொழுந்தன் புதுத் தகட்டை எடுத்துப்போட்டு, சுவரில் அண்ணன் சாக்பீஸால் எழுதிய அளவுகளை அடித்துத் திருத்த ஆரம்பித்தான்.

"மாத்தாதே! அளவு சரிதான். சூட்டோட கழட்டினது நான்."

சாக்பீஸைக் கீழே வைத்தான். பிறகு, "ஏன் அண்ணி, துடைக்கறதுக்கு வேற மேசையே கிடைக்கலியா உங்களுக்கு?"

சிரித்துவிட்டேன். அப்புறம் அழுகை — அவனுக்கும்தான்.

தொப்பிக்காரருக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மார்ச் 17, செவ்வாய்
கோணின அடித்தகட்டை அறுத்தெடுத்து, பழைய அளவிலேயே புதுசு வெட்டிப் பற்றவைத்தோம். உட்கார்ந்துவிட்டது. காகிதம்கூட நுழையவில்லை.

மார்ச் 21, சனி
வண்டி கிளம்பிற்று. சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. தொப்பிக்காரர் கூட வந்தவரிடம் எஞ்சினைக் காட்டி, "மாஸ்டர் போட்ட அளவு. ஒரு நூல் பிசகல" என்று கத்திச் சொன்னார்.

அவர் போனதிலிருந்து சரியாகத் தூங்காதவள், இன்று மத்தியானம் படுத்து எழுந்தபோது சாயங்காலம்.