ஒரு சுவரைத் தவிர

ஐப்பசி 6, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். விறகெல்லாம் ஈரம். மண்டியில் ஆட்டுத்தோல் காயவில்லை, நாற்றம் அடுப்படி வரைக்கும். மழையை நான்தான் கூட்டி வந்தேன் என்பது போல மாமி காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

பகலில் மேச்சேரியிலிருந்து ஒரு ஆள். பொன்னுசாமி என்று பேர். ம.வோடு பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். (ம. என்றால் மச்சான். புருஷன் பேரை வாயால் சொல்லக் கூடாது, சரி. எழுதலாமா என்று யாரிடம் போய்க் கேட்பது? ஒற்றை எழுத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.) சண்டை முடிந்து இவர் ஊர் வந்துவிட்டார். ம. பம்பாய் வரை வந்து முகாமில் இருக்கிறாராம். காகிதம் முடிந்ததும் வீட்டுக்கு வருவார். தங்குவாரா என்பது வேறு. அங்கே ஒரு கம்பெனித் துரை லாரி ஓட்ட வேலை தருகிறேன் என்று கூப்பிடுகிறாராம்.

"பாதி மனசு அங்கதானுங்க இருக்குது அம்மிணி" என்றார் பொ. மாமி மோர் எடுக்க உள்ளே போன நேரம் பார்த்துச் சொன்னார். நல்ல மனுஷர்.

ம. கொடுத்தனுப்பியது ஒரு கட்டுப் படக் கார்டு. இத்தாலியில் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கொடுத்ததாம். இத்ரீஸ், மொராக்கோ தேசத்துச் சிப்பாய். அரபியில் தன் நாட்டை மஃரிப் என்பாராம், அதனால் நம் ஆட்களுக்கு அவர் மஃரிப்காரர். மாமிக்கு அது பிடிபடவில்லை. அந்தி நேர மஃரிப் தொழுகை மட்டும் தொழுகிற ஆள் என்று எடுத்துக்கொண்டு, "மத்த நாலு வக்தும் அந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். பொ. முழித்தார். நான் சிரிப்பை அடக்கக் கொல்லைக்குப் போனேன்.

சிரிப்பு அதோடு சரி. செருப்பை மாட்டிக்கொண்டே பொ. சொன்னது: "அந்த இத்ரீசு அவுரு ஊட்டைப் பத்தி நாளெல்லாம் பேசுவாருங்க. நம்ம ராவுத்தரு பேச என்னங்க இருக்குது, ஒரு செவுத்தத் தவிர? அதையேதான் சொல்லிக்கிட்டிருப்பாரு. ரெண்டு பேரும் சிரிப்பாங்க."

ஒரு சுவரைத் தவிர.

ஐப்பசி 7, செவ்வாய்

வேலை ஓடவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. குழம்புக்கு உப்புப் போட்டதை மறந்து மறுபடி போட்டேன். மாமி ஒரு வாய் வைத்துவிட்டுத் தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

கார்டில் உள்ளவை. முற்றம், நடுவில் நீர்த்தொட்டி. சுவரில் இடுப்பளவுக்குப் பச்சை, நீலம், வெள்ளைச் சில்லுகள், எல்லாம் சேர்ந்து நட்சத்திரம் நட்சத்திரமாக. அதற்கு மேலே மினுமினுவென்று பூச்சு. உடம்பெல்லாம் ஓட்டை போட்ட தொங்கு விளக்கு. தரையில் உட்காரத் தோல் திண்டு, சிவப்பு.

நம் கூடத்தில் உள்ளவை. தோல் எடை போடும் பழைய தராசு. மூன்று காலில் நிற்கும் பெஞ்சு. உதிர்ந்த பூச்சு, பல்லி. அடுப்படிக் கதவோரம் ம. சாப்பிட்டுவிட்டுச் சாயும் இடத்தில் தட்டு அகலத்துக்குத் தலை எண்ணெய்க் கறை. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அதோடு மல்லுக்கட்டுகிறேன். சீயக்காய், சாம்பல், எதற்கும் அசையாது. மேலே வெள்ளையடித்தால் கொஞ்ச நாள் ஒளிந்திருந்துவிட்டு மறுபடி எட்டிப் பார்க்கும். விருந்தாள் வந்தால் அந்த இடத்தை மறைத்துக்கொண்டு நான் நிற்பேன்.

இப்படி ஒரு வீட்டை வைத்துக்கொண்டு வெளித்தேசத்து ஆளிடம் மனுஷன் எதைச் சொல்வார். எனக்கே அவமானமாக இருக்கிறது. கோபமும்தான். சிரித்தார்களாமே.

அவர் வந்து நிற்கும்போது அதே சுவரைப் பார்த்து வாயடைத்துப் போக வேண்டும். பம்பாய் என்ற பேச்சே எழக் கூடாது.

ஐப்பசி 10, வெள்ளி

பக்ரீதுக்கு முன்னால் கூடத்தைப் பூசி வெள்ளையடிக்கலாமா என்று மாமியிடம் கேட்டேன். சரி என்றார். வெள்ளைக்கு மட்டும் சரி. கார்டில் உள்ளது போலச் சில்லு பதிக்கிற மிச்சத்தை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மல்லசமுத்திரத்துக் கொத்தனார் செங்கோடன் வந்தார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கார்டைத் தள்ளிப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். "இது என்னங்க அம்மிணி, சினிமாவுக்குப் போடுற செட்டுங்களா?" என்றார். வீடுதான், ஆள் குடியிருக்கிற வீடு என்றேன். நம்பிய மாதிரி இல்லை.

இத்ரீஸின் அத்தாவுக்குச் சில்லு வெட்டிப் பதிக்கிறதுதான் தொழிலாம், பொ. சொன்னார். சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கூழாங்கல்லால் தேய்த்து, பிறகு சோப்புக் கரைசல் தடவி மறுபடி தேய்ப்பார்களாம். தண்ணீரும் ஒட்டாது, எண்ணெயும் ஒட்டாது. கல்லால் தேய்ப்பது நம்ம பக்கமும் உண்டு, முட்டை வெள்ளைக்கரு சேர்ப்போம் என்றார் கொத்தனார். சோப்புதான் அவருக்கு ஆகவில்லை. "செவுரு என்னங்க கைக்கொழந்தையா, சோப்புப் போட்டுக் குளிப்பாட்ட?"

முன்பணம் வாங்கிக்கொண்டு போனார். வருவாரா என்று இருக்கிறது.

ஐப்பசி 13, திங்கள்

வந்தார். மழையும் வந்தது. பழைய பூச்சைக் கொத்துகிறார்கள், சோற்றுப் பானை வரை தூசி.

கறை இருந்த இடத்தில் கொத்தனார் கையை நிறுத்தினார். எண்ணெய் ஊறின இடத்தில் புதுப் பூச்சு நிற்காதாம், செங்கல் வரை கொத்திவிட வேண்டுமாம். கொத்துங்க என்றேன். முதலில் அதையே கொத்துங்க என்றேன்.

விழுந்த ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். உள்ளே வரைக்கும் மஞ்சள். இத்தனை நாள் கழித்தும் தேங்காயெண்ணெய் வாசம். அவர் போன புதிதில் யாரும் இல்லாத நேரம் நானும் அங்கே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன், அது எனக்கு மட்டும் தெரியும். துண்டைக் கூடையில் போட்டுவிட்டேன்.

மாமி கதவருகே நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். ஏதாவது சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் சொல்லியிருப்பேன். சொல்லவில்லை. மத்தியானம் முழுவதும் எனக்கு அதுதான் உறுத்தல்.

ஐப்பசி 16, வியாழன்

ஓடு வாங்க வழியில்லை. சண்டை முடிந்தும் எதற்கெடுத்தாலும் பெர்மிட். அதனால் உடைசல்.

சேர்ந்தது: டீக்கடையிலிருந்து உடைந்த சாசர், ஒரு கூடை. டாக்டர் வீட்டு நீல மருந்துப் புட்டிகள். பச்சை சோடாப் புட்டி. நீலம் போதவில்லை. கடைசியில் என் கல்யாணச் சீர் பீங்கான் தட்டு, நீலப்பூ போட்டது. அது உடைந்தது இல்லை. நான் உடைத்தேன்.

தெருவில் பேச்சு: "ராவுத்தர் ஊட்டு மருமவ குப்பை பொறுக்குது."

கொத்தனார் முதல் நட்சத்திரத்தைப் பதித்துவிட்டுத் தள்ளி நின்று ரசித்தார். எட்டு முனை இருக்க வேண்டும். ஏழுதான். காய்ந்த பிறகுதான் எண்ணினேன். கேட்டால், "கிட்டக்க வந்து யாருங்க எண்ணப் போறாங்க" என்கிறார். இனிமேல் ஒவ்வொன்றுக்கும் நான் பக்கத்திலேயே நிற்பது.

ஐப்பசி 19, ஞாயிறு

தீபாவளி. தெருவெல்லாம் வெடி. கொத்தனார் கறிச்சோறு சாப்பிட ஊருக்குப் போனவர்தான், என்றைக்கு வருவாரோ. இடுப்புக்குக் கீழே நட்சத்திரம், இடுப்புக்கு மேலே செங்கல். அரைகுறையாக உடுத்தின ஆள் மாதிரி சுவர் நிற்கிறது. இந்தக் கோலத்தில் ம. வந்து இறங்கினால்?

கரி போட்டு ஓட்டும் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுகிறேன். இன்றைக்கு ஓடியபோது கையில் கரண்டி.

வேலை முடிவதற்கு முன்னால் வந்துவிடுவாரோ என்று ஒரு பயம். வரவே மாட்டாரோ என்று ஒரு பயம். இரண்டும் மாறி மாறி வருகிறது, எனக்கு உட்கார நேரமில்லை.

ஐப்பசி 23, வியாழன்

கொத்தனார் வந்துவிட்டார். கடுக்காய்த் தண்ணீர், வெல்லம், வெள்ளைக்கரு, சுண்ணாம்பு. பூச்சு ஏறியது. மேலாகத் தேய்த்துவிட்டு அவர் கிளம்பிவிட்டார். சோப்பு வேலை உங்களுது அம்மிணி, எனக்கு வெக்கமா இருக்குது என்றார்.

காவேரிக் கூழாங்கல் ஒன்று கிடைத்தது. தேய்த்தேன். கை அசந்தது. துணி சோப்பு முழுக் கட்டியையும் கரைத்ததை மாமி பார்த்துவிட்டார். ரேஷனில் வந்த சோப்பு. இன்றைக்கு இருக்கிறது என்று நினைத்தேன். கல்லைக் கொடு என்று கை நீட்டினார். கொடுத்தேன். முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார், என்னைவிட வேகமாக.

கொஞ்ச நேரம் கழித்து, சுவரைப் பார்த்துக்கொண்டே, "இதப் பாத்தா தங்கிருவானா?" என்றார்.

பம்பாய்ச் சேதி அவருக்கும் தெரிந்திருக்கிறது. தங்குவார் மாமி என்றேன். எதை வைத்துச் சொன்னேனோ.

ஐப்பசி 26, ஞாயிறு

சுவர் காய்ந்துவிட்டது. சோப்பு நுரை மாதிரி வெள்ளை, சாயங்கால வெயில் பட்டால் மினுக்குகிறது. தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், முத்து முத்தாக உருண்டு ஓடியது. என் முகம் கூட லேசாகத் தெரிகிறது, கறுத்துப் போயிருக்கிறேன்.

மண்டியில் ஒரு மேச்சேரி ஆட்டுத்தோல் கேட்டு வாங்கிச் சிவப்புச் சாயம் ஏற்றித் திண்டு தைத்தேன். உள்ளே இலவம்பஞ்சு. கொஞ்சம் கோணல். மண்ணெண்ணெய் டின்னை ஆணியால் குத்தி விளக்கு. ஏற்றியதும் சுவரெல்லாம் புள்ளி. "அம்மை போட்ட மாதிரி இருக்குது" என்றார் மாமி. ஆனால் அணைக்கச் சொல்லவில்லை.

தந்தி. புதன் வருகிறார்.

ஐப்பசி 29, புதன்

வந்துவிட்டார்.

இளைத்திருக்கிறார். லேசாகக் கால் தாங்குகிறார். மாமி அழுதார், நான் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். தகரப் பெட்டி வாசல் பக்கம் வைத்தது வைத்தபடி, கயிறு அவிழ்க்கவில்லை.

கூடத்துக்குள் வந்து நின்றார். சுவரைப் பார்த்தார். விளக்கை, திண்டை, மறுபடி சுவரை. நட்சத்திரத்தை விரலால் தொட்டார். "இத்ரீசு ஊடு" என்றார், மெல்ல. வாயடைத்துத்தான் போனார், நான் ஆசைப்பட்டபடியே. ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை. எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற ஆள் மாதிரி இருந்தது.

சாப்பிட்டுவிட்டு அடுப்படிக் கதவோரம் போனார், நின்றார், திரும்பி வந்து கூடத்து நடுவில் எதிலும் சாயாமல் உட்கார்ந்தார். விருந்தாள் மாதிரி. திண்டைப் போட்டேன். இருக்கட்டும் என்றார்.

பம்பாய் பற்றி மாமியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டில் மூன்று பேர், மூன்று பேரும் அந்தப் பெட்டியைப் பார்க்காத மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி நடக்கிறோம்.

கார்த்திகை 1, வெள்ளி

பக்ரீத். குர்பானி, கறி பங்கு, வந்தவர் போனவர். எல்லாரும் சுவரைத் தடவிப் பார்த்தார்கள். ஏழு முனையை ஒரு பொடிசு கண்டுபிடித்துவிட்டது.

எல்லாரும் போன பிறகு கேட்டேவிட்டேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து எங்கும் சாயவில்லையே, பிடிக்கவில்லையா?

அவர் கதவோரத்தைக் காட்டினார். "என் செவுரு எங்க புள்ள?"

எது என்றேன். எது என்று தெரியாமலா கேட்டேன்.

"எண்ணெக் கறை."

செதுக்கச் சொல்லிவிட்டேன் என்றேன்.

பிறகு அவராகச் சொன்னார். இத்ரீஸ் தினமும் தன் வீட்டுச் சுவரைப் பற்றிச் சொல்வாராம், எந்த நட்சத்திரம் அவர் அத்தா பதித்தது, எது அண்ணன் பதித்தது என்று. பாதி கை ஜாடை, பாதி குர்ஆன் ஓதிப் பழகின அரபி. நீ சொல்லு என்றால் இவருக்குச் சொல்ல என்ன இருக்கிறது. என் தலை பட்டுப் பட்டு என் வீட்டுச் சுவரில் ஒரு கறை இருக்கிறது, அதைப் போக்கப் பெண்டாட்டி படாத பாடு படுகிறாள், அது போக மாட்டேன் என்கிறது என்று சொன்னாராம். அதிலிருந்து அந்த ஆள் காலையில் கண் விழித்ததும் பின்னந்தலையைத் தட்டிக் காட்டி, கறை சுகமா என்று ஜாடையில் கேட்பாராம். கால் வலியில் கிடந்த நாளில் கூடச் சிரிப்பு வருமாம்.

"கார்டெல்லாம் சும்மாக் குடுக்கல. ஊருக்குப் போயி என் செவுத்தப் போட்டோ புடிச்சு அனுப்புறேன்னு வாக்கு வாங்கிக்கிட்டுத்தான் குடுத்தான்."

எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் தேசம் தாண்டிக் கொண்டுபோய் வைத்திருந்தது அந்த ஒன்றைத்தான். அதைத்தான் முதலில் கொத்துங்க என்றேன். அழுகை வந்தது. கோபமும் வந்தது, இதை ஒரு வரி எழுதிப் போட்டிருந்தால் என்ன? கேட்டேன். பட்டாளத்துக் கடுதாசியை யார் யாரோ பிரித்துப் படிப்பார்கள், எண்ணெய்க் கறையைப் பற்றி எழுதவா என்றார்.

பெட்டியில் இன்னும் கயிறு.

கார்த்திகை 3, ஞாயிறு

வெயில். தோல் காய்கிறது. மீந்த கறிக்கு உப்புக்கண்டம் போட்டாயிற்று.

காலையில் ம. எண்ணெய் கேட்டார். சீசாவின் அடியில் கொஞ்சம் இருந்தது, அவர் போனதிலிருந்து யாரும் அதிகம் தொடாதது. உள்ளங்கை வழிய எடுத்துத் தலையில் அப்பிக்கொண்டார். துடைக்கவில்லை. நேரே கதவோரம் போய்ப் புதுச் சுவரில் சாய்ந்தார். தலை வழுக்கியது. நிமிர்ந்து உட்கார்ந்து மறுபடி சாய்ந்தார்.

மாமி எட்டிப் பார்த்து, "சோப்புப் போட்ட செவுருடா, எண்ணெ புடிக்காது" என்றார்.

நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். நிஜந்தான், ஈரப் பளபளப்பு, அவ்வளவுதான். துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். இழுக்கவில்லை.

போட்டோவுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். தலையைத் திருப்பிச் சுவரை மேலும் கீழும் பார்த்தார், கொத்தனார் மாதிரி.

"கறை ஏறட்டும். ஏறுனப்பறந்தான் போட்டோ. இந்தச் செவுத்துக்கு அஞ்சாறு வருசமாவது ஆவும் போல இருக்குது."

அடுப்படியில் மாமி கை கரண்டியோடு நின்றுவிட்டது எனக்குக் கேட்டது. நான் எண்ணெய்ச் சீசாவை மூடி வைத்தேன். பேசினால் உளறியிருப்பேன்.

பிறகு அவர், பெட்டிக் கயிற்றை அவிழ்த்துக்கோ, கொல்லையில் துணிக்கொடி கட்ட ஆகும் என்றார்.

கட்டியாயிற்று.

நாளை: தேங்காயெண்ணெய், பெரிய சீசா.